பதினான்காவது வரி

மகனே,

முற்பகல் பதினொன்று நாற்பதுக்குச் செய்தி வந்தது. நான் வேலை செய்யும் கந்தோர்ச் சுவரிலிருந்த மணிக்கூடு இரண்டு நிமிடம் பிந்தி ஓடும். அதையும் கூட்டித்தான் சொல்கிறேன். போன் அடித்தபோது நான் அளவுப் புத்தகத்தில் ஒரு கூட்டலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து உன் தாத்தா ராமையா பேசினார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் போனில் பேசுகிறார் என்பது அவர் கத்திய கத்தலிலேயே தெரிந்தது. "மாப்பிள்ள, கேக்குதா? புள்ள போயிருச்சு மாப்பிள்ள," என்றார். "எந்தப் பிள்ளை?" என்று கேட்டேன். நீ பிறந்து அன்று மூன்றாம் நாள். உன்னையும் உன் அம்மாவையும் அவர் புள்ள என்றுதான் சொல்லுவார். "நம்ம சரோஜா," என்றார். நான் ரிசீவரை வைத்தேன். விட்ட இடத்திலிருந்து கூட்டலை முடித்தேன். விடை சரியாக வந்தது. இதை உனக்கு மறைக்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அழுதுகொண்டு ஓடினேன் என்று எழுதினால் நன்றாயிருக்கும், ஆனால் அப்படி நடக்கவில்லை.

நீ இதை வாசிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். இன்று உன் நீளம் இருபத்தொன்றரை அங்குலம். நேற்று அளவு நாடா பிடித்துப் பார்த்தேன், உன் பாட்டி என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் ஒரு தகப்பனுக்கு மகனிடம் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது இந்த ஒரு கதைதான். இந்தக் கடிதத்தை ஒட்டாத கவரில் வைத்து உன் தாத்தாவிடம் கொடுக்கப் போகிறேன். அவருக்கு வாசிக்க வராது. யாரையாவது பிடித்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார். கேட்கட்டும். உனக்கு முன்னால் ஊரில் யார் எடுத்து வாசித்தாலும் வாசிக்கட்டும். ஒட்டிய கவர்களை நான் நிறையக் கண்டுவிட்டேன்.

குளங்களைத் திருத்தும் வேலையில் நான் ஒரு தொழில்நுட்ப உதவியாளன். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து, படித்து முடித்து, கிளிநொச்சியில் பஸ் மாறி, விசுவமடுவுக்கு உள்ளே காட்டோரம் இருந்த ஒரு சின்னக் கந்தோருக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. பக்கத்தில் ஒரு குடியிருப்பு. எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு, தேயிலைத் தோட்டத்தை விட்டு வெறுங்கையோடு வந்து காடு வெட்டிக் குடியேறிய நாற்பது குடும்பங்கள். அவர்களுடைய குளத்தைத் திருத்த மட்டம் பார்த்து நான் அறைந்த முளைகள் ஒவ்வொன்றாகக் காணாமற்போயின. தேடிப் போனால் ஒரு பெண் அதில் ஆடு கட்டியிருந்தாள். அதுதான் உன் அம்மா. "இது கவண்மேந்து முளை," என்றேன். "அப்படின்னு இதுல எழுதியிருக்கா?" என்றாள். "எழுதத் தேவையில்லை, கந்தோருக்குத் தெரியும்." அவள் ஆட்டை ஒரு பார்வை பார்த்தாள். "கந்தோருக்குத் தெரிஞ்சா போதுமா? ஆட்டுக்குத் தெரிய வேணாமா?" அடுத்த நாள் நான் எல்லா முளைக்கும் வெள்ளைப் பெயின்ற் அடித்து இலக்கம் எழுதினேன். ஆடும் அதற்குப் பிறகு வேறு இடத்தில் நின்றது. ஒரு வருடத்தில் எங்களுக்குக் கலியாணம்.

என் பக்கத்தில் யாரும் வரவில்லை. தோட்டத்து ஆட்களிடம் பெண் எடுத்தான் என்ற கதை எனக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டது. கந்தோரில் களஞ்சியத்துக்குப் பொறுப்பாயிருந்தவர் வாய்க்காரர். "என்ன ஐசே, சீதனம் வாங்கேல்லையாம். மாமனார் உம்மட்டை எஸ்ரிமேற் கேப்பார், கவனம்," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். எஸ்ரிமேற் என்றது நான் எழுதும் வேலைச் செலவு மதிப்பீட்டை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பகிடி எனக்குள்ளே போய் ஒரு மூலையில் இருந்துவிட்டது. இனி அந்தக் குடியிருப்புக்காரரிடம் மற்ற எவரிடமும் இருப்பதைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். நேர்மை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். மகனே, யாரோ சிரிப்பார்கள் என்று பயந்து நீ ஒரு நாளும் நேர்மையாக இராதே.

இனி வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அப்போதுதான் மற்றது உனக்கு விளங்கும். குளக்கட்டை உயர்த்துவதற்கு மண் வேண்டும். நல்ல களிமண் குடியிருப்புக்குப் பின்னால்தான் கிடைத்தது. வேலையைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரர் அங்கே ஏழு பெரிய குழிகள் கிண்டினார்; கிடங்குகள் என்போம். கிண்டும்போது கிடங்கின் நடுவே ஒரு சின்னத் தூணளவு மண்ணைத் தொடாமல் விடுவார்கள். தலையில் பழைய புல் அப்படியே இருக்கும். அதற்குச் சாட்சி என்று பெயர். எவ்வளவு ஆழம் கிண்டப்பட்டது என்று அதை வைத்து அளந்துதான் காசு கொடுப்பது. உன் தாத்தா தோட்டத்தில் முப்பது வருடம் கான் வெட்டினவர். மலைச்சரிவில் மழைத்தண்ணீர் ஓடக் கால்வாய் வெட்டுவதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். ஒரு நாள் கயிற்றோடு கிடங்குக்குள் இறங்கி, சாட்சியைப் பிடித்துப் பார்த்து, கரையில் கல் அடுக்கி அடுக்கிக் கணக்குப் போட்டு, இத்தனை கியூப் மண் என்று எனக்குச் சொன்னார். நான் உபகரணம் வைத்து எடுத்த அளவோடு ஒத்துப்போனது. ஒத்துப்போகாத ஒரு கிடங்கில் பிழை விட்டது நான்தான். "எழுத்துதான் தெரியாது மாப்பிள்ள, மண்ணு தெரியும்," என்றார்.

மண்ணில் இருந்ததை அவர்களே வாசித்துக்கொண்டார்கள். தாளில் இருந்ததைத்தான் என்னிடம் கேட்டார்கள்.

புரட்டாதி கடைசி. கட்டு வேலை முடிந்து, கொந்தராத்துக்காரர் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு புளியங்குளம் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். கிடங்குகள் வாயைத் திறந்தபடி கிடந்தன. மழை வந்தால் நிறையும், நின்றால் நுளம்பு பெருகும், அது கடித்தால் காய்ச்சல் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு பின்னேரம் உன் தாத்தா நாலைந்து பேரோடு கந்தோர் வாசலுக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. "நாங்க கணக்குக் கேக்க வரல மாப்பிள்ள. யாரு எவ்வளவு எடுத்தான்னு கேக்கல. ஒரே ஒரு சொல்லு. அந்தக் குழித் தண்ணிய வெட்டி விட கவர்மெண்டுல காசு வந்திருக்கா, இல்லையா? வந்திருந்தா நாங்க போயி கொந்தராத்துக்காரரக் கேக்குறோம். வரலன்னா நாங்களே வெட்டிருவோம். நாப்பது மம்பட்டி இருக்கு. ரெண்டு நாள் வேல."

தெரியாவிட்டால் ஏன் வெட்டமாட்டார்கள் என்று நீ கேட்பாய். குடியேறிய முதல் வருடம் காட்டுக்குள்ளால் ஒன்றரை மைல் பாதையை அவர்களே சிரமதானமாக வெட்டினார்கள். கஞ்சி காய்ச்சிக் குடித்து, கைக்குழந்தைகளை மரத்தில் ஏணை கட்டிப் போட்டுவிட்டு வெட்டின பாதை. அடுத்த வருடம் யாரோ ஒருவர் வந்து அந்தப் பாதையின் வாயில் பலகை நட்டார். பலகையில் வேறொருவருடைய பெயரும், அந்தப் பாதை போட ஆன செலவும் இருந்தன. அவர்களுடைய வியர்வைக்கு யாரோ காசு வாங்கிவிட்டான். அன்றைக்குக் குடியிருப்பில் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தார்கள்: அரசாங்கக் காசு வந்ததா இல்லையா என்று தெரியாமல் இனி ஒருத்தரும் மண்வெட்டி தூக்கக்கூடாது. அந்த முடிவை அவர்கள் மீறவே இல்லை.

எனக்குத் தெரியும். அந்த மதிப்பீட்டை எழுதினதே நான். பதினான்காவது வரி: மண் கிடங்குகளிலிருந்து ஓடைக்கு வடிகால் வெட்டுதல். பக்கத்தில் தொகை. காசு வந்திருந்தது. வருடம் முடியமுன் யாரும் கேட்டு வேலையை முடிக்காவிட்டால் அது வந்த வழியே திரும்பிப் போய்விடும். ஆனால் மதிப்பீட்டுக் கோவையின் மேல் 'இரகசியம்' என்று சிவப்பு முத்திரை. வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்தும் வைத்திருக்கிறேன். யன்னலுக்கு உள்ளே களஞ்சியக்காரர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். "மாமா, அது சொல்லேலாது. கந்தோர் விசயம்," என்றேன். உன் தாத்தா கோபிக்கவில்லை. "ஓ, அப்படீங்களா," என்று துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வடிகால் வேலையைத் தொடங்கச் சொல்லி நான் அன்று மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அடுத்த மாதம் இன்னொன்று. பிரதிகள் இப்போதும் என்னிடம் இருக்கின்றன. அழகான கையெழுத்து. பதில் வரவில்லை. என் கடமையைச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் அம்மா விடவில்லை. நீ அப்போது அவள் வயிற்றில் ஏழு மாதம். குசினியில் நின்று தேங்காய் துருவியபடி கேட்டாள்: "ஏங்க, குளத்துல தண்ணி எத்தன அடின்னு தண்ணி திறந்து விடுற துருசுல பெரிசா எழுதி வச்சிருக்கீங்க. மாடு மேய்க்கிறவன்கூட வாசிக்கிறான். காசு வந்துச்சா வரலையான்னு மட்டும் ஏன் ஒளிச்சு வைக்கிறீங்க?" "அது சட்டம் சரோ." "சட்டம்னா சரி. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." "நீர் சொல்லுவீர்." "சொல்லுவேன்தான்," என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "தலையை ஆட்டவாவது செய்யுங்க. இப்படியா, இப்படியா?" என்று மேலும் கீழும், பக்கவாட்டிலும் தன் தலையை ஆட்டிக் காட்டினாள். கையில் தேங்காய்ப் பூ ஒட்டியிருந்தது. நான் தலையை ஆட்டாமல் வெளியே போய் சைக்கிளைத் துடைத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஏழு கிடங்கும் நிறைந்து, சாட்சிகளின் புல்தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று உன் அம்மா அங்கே போனாள். நான்தான் சைக்கிளில் முன்னால் இருத்திக்கொண்டு போனேன். கிடங்கைக் கடக்கும்போது தவளைகளின் சத்தத்தில் நாங்கள் பேசினது எங்களுக்கே கேட்கவில்லை. கார்த்திகையில் குடியிருப்பில் வீட்டுக்கு ஒருவர் குளிர்க் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். உன் அம்மாவுக்கும் வந்தது. மூன்று போர்வைக்குள்ளே பல் கிட்டி நடுங்கினாள். உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கிருந்தவர்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நீ பிறந்தாய். அவள் உன்னை இரண்டு தடவை பார்த்தாள். வருட முடிவுக் கணக்கு இருக்கிறது, ஒரு நாள் போய் வாறன் என்று சொல்லிவிட்டு நான் கந்தோருக்கு வந்தேன். "போயி உங்க ரகசியத்தப் பாத்துட்டு வாங்க," என்றாள். அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். கோபத்தில் சொல்லவில்லை. பகிடியாகத்தான் சொன்னாள்.

செத்தவீடு முடிந்த கிழமை நான் எங்கள் இன்ஜினியரிடம் போனேன். நல்ல மனிதர். எழும்பி வந்து என் தோளைத் தொட்டார். அந்த மதிப்பீட்டை ஊராருக்கு வாசித்துக் காட்ட அனுமதி தாருங்கோ என்று கேட்டேன். "தம்பி, நுளம்பு எந்தத் தண்ணியில பிறந்ததெண்டு ஆர் சொல்லுறது? காட்டுக்குள்ள ஆயிரம் பள்ளம். நீர் உம்மை வருத்தாதையும்," என்றார். "அனுமதி, சேர்?" என்றேன். "அது சொல்லேலாது தம்பி. கந்தோர் விசயம். உமக்குத் தெரியாததோ?" அவர் சொன்னது இரண்டும் சரி. நுளம்பு எந்தத் தண்ணீரில் பிறந்தது என்று என்னால் ஒருக்காலும் நிறுவ முடியாது. நான் அளக்கத் தெரிந்தவன். இதை அளக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பள்ளமாகவும் இருக்கலாம், இந்தக் கிடங்காகவும் இருக்கலாம் என்று நினைத்தபடிதான் இனி நான் தினமும் எழும்ப வேண்டும்.

உன் பிறப்புத் துடக்குக் கழிவும் அவளுடைய முப்பத்தோராம் நாளும் ஒரே கிழமையில் வந்தன. முதலாவதற்கு உன் தலையில் முடி இறக்கினார்கள். இரண்டாவதற்குப் படையல். எல்லாரும் சாப்பிட்டுப் போனபிறகு உன் தாத்தா வாழையிலைகளைப் பொறுக்கிக் கட்டியபடி என்னைப் பார்க்காமல் கேட்டார். "இப்பவாவது சொல்லுங்க மாப்பிள்ள. இனி தெரிஞ்சு ஒண்ணும் ஆகப் போறதில்ல. காசு வந்துச்சா?"

"வந்தது மாமா."

"இப்ப இருக்கா?"

"இல்லை. போன கிழமை வருடம் முடிஞ்சுது. திரும்பிப் போயிட்டுது."

அவர் இலைக்கட்டைக் கீழே வைத்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். "இல்லன்னு சொல்லியிருக்கலாமே மாப்பிள்ள," என்றார். "வரலன்னு ஒரு பொய் சொல்லியிருந்தாக்கூட நாங்களே வெட்டியிருப்போமே. ரெண்டு நாள் வேலதானே." அவ்வளவுதான். பிறகு இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். நான் உண்மை பேசுகிறவன் என்று உன் அம்மா எல்லாரிடமும் சொல்லுவாள். நான் உண்மையும் பேசவில்லை, பொய்யும் பேசவில்லை. மகனே, இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள். உன்னிடம் ஒருவர் ஆமா இல்லையா என்று கேட்டால், அவர் அந்தச் சொல்லை வைத்து ஒரு வேலை செய்யக் காத்திருக்கிறார் என்று நினை. அவருக்குச் சேர வேண்டியதை நீ கையில் வைத்திருக்கிறாய்.

மறுநாள் விடிந்து நான் போனபோது நாற்பது மண்வெட்டியும் கிடங்கடியில் நின்றன. காசு திரும்பிப் போய்விட்டது என்று இப்போது தெரியும்; இனி இந்த வேலைக்கு வேறொருவன் பெயர் எழுத முடியாது. நானும் ஒரு மண்வெட்டியை எடுத்தேன். உன் தாத்தா வாங்கி வைத்துவிட்டார். "நீங்க மட்டம் பாத்துச் சொல்லுங்க. அதான் உங்க வேல." வெள்ளைப் பெயின்ற் அடித்த முளைகளை ஓடை வரை அறைந்து கொடுத்தேன். அவர்கள் வெட்டினார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் ஏழாவது கிடங்கும் வற்றி, அடிச்சேற்றின் நடுவே சாட்சி முழு உயரத்துக்கு நின்றது. இரண்டு நாள். அவர் சொன்ன அதே இரண்டு நாள். யாரும் சந்தோசப்படவில்லை. கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

நேற்று நான் அந்த மதிப்பீட்டை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, இங்கிலிசிலிருந்து தமிழுக்கு மாற்றி, பெரிய எழுத்தில் எழுதிச் சங்கக்கடைச் சுவரில் ஒட்டினேன். மாவுக்கும் சீனிக்கும் வரிசையில் நிற்பவர்கள் வாசிப்பார்கள். ஒரு மனிசி கூப்பன் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் ஓட்டி வாசித்தாள். பதினான்கில் விரல் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு தன் முறை வந்தது, உள்ளே போய்விட்டாள். இதனால் யாருக்கும் ஒன்றும் வரப்போவதில்லை. திரும்பிப் போன காசு வராது. என்னை வேலையிலிருந்து நிறுத்துவார்கள்; அது நியாயம்தான், கையெழுத்து வைத்தவன் நான். அவளுக்கு ஒரு தலையாட்டல் கடன்பட்டிருந்தேன். அதை மூன்று மாதம் பிந்தி, அவள் போனபிறகு, எழுதி, சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டிருக்கிறது. இன்ஜினியராக இருக்கும். இரண்டு தடவை கையைக் கொண்டுபோனேன். ரிசீவரைத் தூக்க முடியவில்லை. அன்றிலிருந்தே அப்படித்தான். தினமும் பதினொன்று நாற்பது வரும்போது இந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தபடி இருப்பேன். அது அடிக்காவிட்டால் அவள் இன்னும் அங்கே இருக்கிறாள் என்பதுபோல. இப்போது மணி பதினொன்று முப்பத்தைந்து, அந்த இரண்டு நிமிடத்தையும் கூட்டி. சின்னத் திருப்புளியால் சுவர்ப்பெட்டியைத் திறந்து, இரண்டு வயரையும் கழற்றிப் போனை நிறுத்திவிட்டேன்.